சாவி தொங்கிய வால்வு

அவர் எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரே ஒரு தடவைதான். கதிரையில் உட்காரும் முன்பே ஃப்ரிட்ஜை நிறுத்தினார்.

மகள் பிறந்து சில வாரங்களே ஆகியிருந்தன. நான் வெளியே போகும் நிலையில் இல்லை. சித்திரை வருடப்பிறப்புக்கு முன் முடிக்க வேண்டிய, நான் குரல் கொடுத்த ஒரு விளம்பரம் பாதியில் நின்றதால், சிறிய ஒலிப்பதிவுக் கருவியும் மைக்குமாக அவரே கண்டியில் அஸ்கிரியப் பக்கமிருந்த எங்கள் வாடகை வீட்டுக்கு வந்திருந்தார். ஃப்ரிட்ஜுக்குப் பிறகு சுவர் மணிக்கூட்டைக் கழற்றிப் பற்றரியை எடுத்தார். குளியலறைக் குழாயை இறுக்கினார். என் கணவரின் கைக்கடிகாரத்தைக் கேட்டு வாங்கித் துவாயில் சுற்றி அலுமாரிக்குள் வைத்தார். கடைசியாகத் தன் மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்து, ஓட்டம் நின்றுபோன ஃப்ரிட்ஜுக்குள் தயிர்ச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்துக் கதவைச் சாத்தினார்.

"சாவிக்கு எதுக்குண்ணே குளிரு?" என்று என் கணவர் கேட்டார்.

"சாவி இல்லாமல் நான் வெளிக்கிடேலாதுதானே தம்பி. எடுக்க வரேக்க ஃப்ரிட்ஜைப் போட்டுவிடுவன். இல்லாட்டி உங்கட மீன் நாளைக்கு நாறும், தங்கச்சி என்னை நாறடிக்கும்."

பதிவு நேரத்துக்கென்று எதை நிறுத்தினாலும், தான் விட்டுவிட்டுப் போகமுடியாத ஒரு பொருளை அதனோடு கட்டிவைப்பது அவர் வழக்கம். அந்த வழக்கம் ஒருபோதும் பிசகியதில்லை. நான் அறிந்தவரையில் அவர் அப்படி நிறுத்திய எதையும் திரும்ப ஓடவிடாமல் போனதில்லை. இதை முதலிலேயே எழுதிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. பின்னால் நான் எழுதப்போவதைப் படித்துவிட்டு அவரைக் கவனமில்லாத மனிதர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அவரைப்போலக் கவனமானவரை நான் பார்த்ததில்லை. பயமே அதில்தான் இருக்கிறது.

இப்போது அவர் கண்டியில் இல்லை. கனடாவுக்குப் போய்விட்டார் என்று ஒருவர் சொன்னார், வவுனியாவில் கண்டதாக இன்னொருவர். தேடிப்பார்க்கலாமா என்று நினைப்பேன். வேண்டாம் என்று உடனே நினைப்பேன்.

அவருடைய ஸ்டூடியோ நகரத்தின் நடுவில், ஒரு புடவைக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருந்தது. இரண்டாவது மாடியில் டியூஷன் வகுப்பு. கீழ்க் கடையும் கட்டடமும் ஹாஜியாருக்குச் சொந்தம். ஸ்டூடியோ என்றால் இரண்டு அறைகள். வெளி அறையில் அவரும் அவருடைய இயந்திரங்களும். உள் அறையில் ஒரு மைக், ஒரு மேசை, வாசிக்கிற ஆள். அந்த ஆள் பெரும்பாலும் நான்தான். பாடசாலைப் பிள்ளைகளுக்கான ஒலிப் பாடங்கள், கடை விளம்பரங்கள், சில நாட்களில் மரண அறிவித்தல்கள். இரண்டு அறைகளுக்கும் நடுவில் தடித்த கண்ணாடி. உள் அறைக்கு வேறு வாசல் கிடையாது. அவருடைய அறை வழியாகத்தான் வரவேண்டும். அதற்கு ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கனத்த கதவுகள். இரண்டாவது கதவைச் சாத்தும்போது காதுக்குள் ஏதோ அமுங்குவதுபோல இருக்கும். அதற்குப் பிறகு உலகத்தில் எதுவும் கேட்காது.

என் பிள்ளை அழுவதும் கேட்காது.

வீட்டில் அவளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. கணவருக்கு மாநகர சபையில் வேலை. மாமியார் நாவலப்பிட்டியில் மூத்த மகனோடு இருந்தார். பிள்ளையைக் கூடையோடு தூக்கிக்கொண்டுதான் படியேறுவேன். கூடையைத் தன் கதிரைக்குப் பக்கத்தில், காலடியில் வைக்கச் சொல்வார் அவர். ஹெட்போனை ஒரு காதில் மட்டும் போட்டுக்கொள்வார். அந்தக் காது எனக்கு. மற்றக் காது பிள்ளைக்கு. அவள் புரண்டால் இடது கைச் சுட்டுவிரலை உயர்த்துவார். சிணுங்கினால் இரண்டு விரல். கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து நான் வாசிப்பது பாதி தாளைப் பார்த்து, பாதி அந்த விரல்களைப் பார்த்து.

ஒரு நாள் பதிவை நிறுத்திவிட்டு என் ஹெட்போனுக்குள் சொன்னார்: "தங்கச்சி, பிள்ளைக்கு நெஞ்சில சளி. இடப்பக்கம்."

"தும்மக்கூட இல்லையேண்ணா. காலையில நல்லாத்தானே இருந்தா?"

"தும்மல் பேந்து வரும். மூச்சு இழுக்கேக்க அடியில ஒரு நூல் சத்தம் இருக்கு. இண்டைக்கே காட்டுங்கோ."

வைத்தியர் குழாயை முதுகில் வைத்துப் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார். எனக்கு அன்று இரவு முழுக்கக் கோபம், என்மீதே. தாய்க்குக் கேட்காதது அவருக்கு எப்படிக் கேட்டது? அதோடு ஒரு நிம்மதியும் வந்தது. அவர் இருக்கும் அறையில் என் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பத் தொடங்கினேன். நம்பியது தவறா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அதே காதுக்கூர்மைதான் மற்றக் காரியங்களையும் செய்தது. கூரையில் இருந்த புகை மணி பற்றரி குறையும்போதெல்லாம் கீச்சிட்டதால், அதைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டார். வாசல் மணியின் வயரை வெட்டிவிட்டார். தொலைபேசி எப்போதும் ஊமை. மனிதர்கள் ஆபத்தை அறிய வைத்திருக்கும் சத்தங்கள் ஒவ்வொன்றாக அந்த மாடியிலிருந்து போய்க்கொண்டிருந்தன. அதை நான் முதலில் கவனிக்கவில்லை. அமைதியாக இருக்கிறது, பிள்ளை நன்றாகத் தூங்குகிறாள் என்றுதான் நினைத்தேன்.

அந்த வருடம் நகரத்தில் ஒரு கடை எரிந்தது. அதற்குப் பிறகு ஹாஜியாரின் காப்புறுதிக்காரர்கள் கட்டடம் முழுவதும் ஸ்பிரிங்க்ளர் போடச் சொன்னார்கள். கூரையோடு தண்ணீர்க் குழாய் ஓடும். அதில் இடையிடையே சிறிய தலைகள். ஒவ்வொரு தலையிலும் விரல் நுனி அளவு கண்ணாடிக் குப்பி, உள்ளே சிவப்புத் திரவம். சூடு ஏறினால் குப்பி வெடித்துத் தண்ணீர் கொட்டும். யாரும் எதையும் அழுத்தத் தேவையில்லை. இதைக் கேட்டதும் எனக்குப் பாதி உயிர் வந்தது. அவருக்குப் பாதி உயிர் போனது.

"தண்ணிப் பைப் எண்டது சத்தத்துக்கு ரோட்டுப் போட்ட மாதிரி ஹாஜியார். ரெண்டு சுவரையும் ஓட்டை போட்டா என்ர அறை செத்துது."

"தம்பி, ஒங்கட ரூமுக்கு மட்டும் வேணாண்டு நான் சொல்ல ஏலுமா? கீழ என்ட கடை முழுக்கப் புடவ ஈக்கி. நடுவுல அடுத்தவன் புள்ளைகள் படிக்குது."

"கீழ டொய்லெட்டுக்கு ஆர் போனாலும் இஞ்ச மைக்குக்குள்ள கேக்கும்."

"கேட்டா என்ன? நீங்க கேக்குறண்டு அவருக்குத் தெரியாட்டிச் சரிதானே." ஹாஜியார் தன் பகிடிக்குத் தானே குலுங்கிச் சிரித்தார். பிறகு கூடையைப் பார்த்து, என்னைக் கைகாட்டிக் குரலைத் தாழ்த்தினார். "மகள் புள்ளயத் தூக்கிட்டு வாற எடம் தம்பி இது. அதயும் பாருங்க."

குழாய் வேலைக்கு வந்தவர் கலஹாவைச் சேர்ந்தவர். பாஸ் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். அவருக்கும் ஸ்டூடியோக்காரரான இவருக்கும் முதல் நாளிலிருந்தே ஒத்துவரவில்லை. ஆனால் ஒருவரை ஒருவர் விட்டுவைக்கவும் இல்லை. அந்த அறைச் சுவர் இரட்டைச் சுவர், நடுவில் பஞ்சு அடைத்தது. குழாய் இரண்டையும் தாண்ட வேண்டும், ஆனால் இரண்டிலும் முட்டக்கூடாது என்றார் இவர். முட்டினால் வெளிச் சத்தம் குழாய் வழியே உள்ளே இறங்கிவிடும். துளையைப் பெரிதாகப் போட்டு, குழாயைச் சுற்றி மெழுகுபோன்ற ஒரு பசையை அடைத்தார்கள். குழாயைத் தாங்கும் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் ரப்பர் வைத்தார்கள். பாஸ் குழாயின் ஒரு முனையை ஸ்பேனரால் தட்ட, இவர் உள் அறையில் சுவரோடு காதை ஒட்டிக்கொண்டு நிற்பார்.

"முட்டுது. கழட்டுங்கோ."

"சேர், மயிர் நுழையிற எடம் கூட இல்லாம அடைச்சிருக்கோம்."

"மயிர் நுழையாது, சத்தம் நுழையுது. கழட்டுங்கோ பாஸ்."

"கலியாணத்துக்குப் பொண்ணு பார்க்கப் போனப்பக்கூட நான் இவ்வளவு நேரம் சொவத்தோரம் நிக்கலைங்க," என்று பாஸ் என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கழற்றினார்.

தலைகளைப் பொருத்திய நாளில் இவர் இயந்திரங்கள் எல்லாவற்றையும் பொலித்தீனால் மூடிவைத்துவிட்டு, குப்பிகளையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் சுவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு அறைகளின் சுவர்களிலும் அவர் மெத்தைக் கடையில் வாங்கிய ஸ்பொஞ்சைத் தன் கையாலேயே வெட்டி ஒட்டியிருந்தார். அதைக் கழற்றச் சொல்லி பாஸ் வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். பாடங்கள் முடியட்டும், பிறகு வேறு போடுகிறேன் என்றார் இவர்.

மொட்டை மாடியில் அவர்கள் குழாய் வெட்டும்போது நடந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். பிள்ளைக்கு வெயில் காட்ட மேலே போயிருந்தேன். வெட்டும் இயந்திரத்திலிருந்து தெறித்த பொறி, மூலையில் கிடந்த ஒரு துண்டு ஸ்பொஞ்சில் விழுந்தது. பிள்ளையை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றினேன். அதற்குள் அது முழுவதும் எரிந்து, உருகி, சொட்டுச் சொட்டாக வழிந்துகொண்டிருந்தது. கறுப்புப் புகை தார்போல எழும்பியது. பாஸ் ஓடிவந்து வாளித் தண்ணீரை ஊற்றினார்.

ஸ்டூடியோவிலிருந்து அவரும் எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். கண்களைச் சுருக்கிக்கொண்டு, ஏதோ ஆச்சரியம்போலச் சொன்னார்: "கவனிச்சனீங்களே தங்கச்சி? எரியேக்க ஒரு சத்தமும் வரேல்லை."

அன்றிரவு கணவரிடம் சொன்னேன், இனி போகமாட்டேன் என்று. "அதுக்குத்தானே இப்ப தண்ணி போடுறாங்க? முன்னாடிதான் பயப்பட்டிருக்கணும், அப்ப சும்மா இருந்துட்டு..." என்றார் அவர். அது சரிதானே என்று எனக்கும் பட்டது. ஒப்புக்கொண்ட பாடங்களைப் பாதியில் விடுவதும் முறையில்லை. போனேன்.

வேலை முடிந்து பாஸ் போன பிறகு சில நாட்கள் எல்லாம் நன்றாக இருந்தது. பிறகு ஒரு பதிவின் நடுவில் அவர் கையை உயர்த்தினார். எனக்கு எதுவும் கேட்கவில்லை. அவருக்கு மட்டும் ஓர் உறுமல் கேட்டது. எங்கள் மாடியின் குழாய் இணைப்பு ஒன்றில் நூலளவு கசிவு. கசிந்த தண்ணீரை ஈடுகட்ட, மொட்டை மாடியில் இருந்த பம்ப் சற்று நேரத்துக்கு ஒருமுறை தானாக ஓடி ஓடி நின்றது. அந்த உறுமல் குழாய் வழியே இறங்கி என் குரலுக்குக் கீழே படிந்தது. பாஸுக்குத் தொலைபேசி எடுத்தார். பெரஹரா ஊர்வலம் முடியட்டும் சேர், இப்ப டவுனுக்குள்ள வாகனமே விடமாட்டேங்கிறான், முடிஞ்சதும் வந்து இறுக்கித் தர்றோம் என்றார் பாஸ்.

அதுவரைக்கும் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். அறைக்கு வெளியே, படிக்கட்டின் திருப்பத்தில், எங்கள் மாடிக்கான வால்வு இருந்தது. சிவப்புச் சக்கரம். அதை மூடினால் கசிவுக்குத் தண்ணீர் போகாது, பம்ப் ஓடாது. பதிவு தொடங்கும்போது மூடுவார். முடிந்ததும் திறப்பார். மூடியிருக்கும்போது அந்தச் சக்கரத்தில் அவருடைய மோட்டார் சைக்கிள் சாவி தொங்கும்.

நான் பேசாமல் இருக்கவில்லை. "அண்ணா, அதை மூடினா மேல இருக்கிறதில தண்ணி வராதே," என்றேன்.

"வாசிக்கிற நேரம் மட்டும்தானே தங்கச்சி. நான் இஞ்சதானே இருக்கிறன்."

"ஏதாவது நடந்தா?"

"நடந்தா எனக்குக் கேக்கும்."

சளியைக் கேட்டவரிடம், நெருப்பு உங்களுக்குக் கேட்காது என்று எப்படிச் சொல்வது? சொல்லியிருக்கலாம். மொட்டை மாடியில் அவரே சொன்ன வார்த்தையை எடுத்துக் கொடுத்திருக்கலாம். அது எனக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் நினைவுக்கு வந்தது. எனக்கு எல்லாமே அப்படித்தான்.

பெரஹரா நாட்களில் மத்தியானத்திலேயே ஆட்கள் நடைபாதையில் பாய் விரித்து இடம் பிடித்துவிடுவார்கள். வீதிகளை மூடிவிடுவார்கள். அப்படியொரு மத்தியானம். அஞ்சாம் வகுப்புப் பாடம் ஒன்று, டெங்கு பரப்பும் நுளம்பு பெருகும் இடங்களைப் பற்றியது. வீதியை மூடும் முன்னர் முடித்துவிட்டுப் போகலாம் என்று அவசரமாக வாசித்துக்கொண்டிருந்தேன். படியில் ஏறும்போது சாவி தொங்குவதைப் பார்த்திருந்தேன். பிள்ளை கூடையில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"நிப்பாட்டுங்கோ. வயர் கரகரக்குது," என்றார் ஹெட்போனுக்குள்.

நின்றேன்.

"உங்கட காப்போ தெரியேல்லை. கழட்டி வையுங்கோ." கழற்றினேன். "திரும்ப அந்த வரி." வாசித்தேன். "இன்னும் இருக்கு. அசையாமல் இருங்கோ தங்கச்சி. மூச்சும் மெல்லமா."

அவர் கண்களை மூடினார். பிறகு, நான் ஒருநாளும் பார்த்திராததைச் செய்தார். ஹெட்போனின் மற்றப் பக்கத்தையும் இழுத்துப் பிள்ளைக்கான காதையும் மூடிக்கொண்டார். அந்தக் கரகரப்பை இரண்டு காதாலும் தேடினார்.

அவர் தேடியதில் பிழையில்லை. வயர்தான் கரகரத்தது. இயந்திர அடுக்குக்குப் பின்னால், ஸ்பொஞ்சோடு ஒட்டிக் கிடந்த ஒரு ப்ளக் உள்ளுக்குள் எரிந்துகொண்டிருந்தது. நெருப்பை முதலில் கேட்டவர் அவர்தான். ஆனால் கேட்டதைப் பதிவைக் கெடுக்கும் இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு, அது ஓயட்டும் என்று என்னையும் அசையாமல் உட்காரவைத்துவிட்டார்.

நான் கண்ணாடி வழியே பார்த்தேன். வெளி அறையில், என் கதவை ஒட்டிய சுவரில் ஸ்பொஞ் சுருங்கியது. சுருங்கிய இடத்திலிருந்து ஒரு சாம்பல் கோடு மேலே போனது. பிறகு மஞ்சள்.

நான் கத்தினேன். மைக்குக்கு மிகப் பக்கத்தில் இருந்தேன். அவருடைய இரண்டு காதிலும் அது இடிபோல இறங்கியிருக்க வேண்டும். முகம் கோணி ஹெட்போனைப் பிய்த்து எறிந்தார். திரும்பினார். பார்த்தார். அந்த நேரம் கூரையில் குப்பி வெடித்தது. ஒரு கை அளவு கறுப்புத் தண்ணீர் துப்பியது. பிறகு நின்றது. அவர் அண்ணாந்து அதைப் பார்த்தார். காலடியில் பிள்ளையைப் பார்த்தார். கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

பிறகு பிள்ளையை அங்கேயே விட்டுவிட்டு வெளியே ஓடினார்.

நான் இரண்டு கையாலும் கண்ணாடியில் அறைந்தேன். என்ன கத்தினேன் என்பது எனக்கு ஒவ்வொரு சொல்லாக நினைவிருக்கிறது. முதல் கதவைத் திறந்தேன். இரண்டாவதைத் திறந்ததும் வெப்பம் முகத்தில் அறைந்தது. வாசலுக்குக் குறுக்கே உருகிய ஸ்பொஞ் எரிந்தபடி சொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் கூடை. கூடைக்குள் சிறிய கை ஒன்று காற்றைப் பிடித்துப் பிடித்து விட்டது. ஓடிவிட்டான், என் பிள்ளையைப் போட்டுவிட்டு ஓடிவிட்டான் என்றுதான் நினைத்தேன். ஒருநாளும் அவரை நான் அப்படி ஒருமையில் நினைத்ததில்லை.

அப்போது தண்ணீர் வந்தது.

மழைபோல அல்ல, யாரோ தொட்டியைக் கவிழ்த்ததுபோல. நெருப்பு சீறி அமுங்கியது. நான் அதற்குள் பாய்ந்து கூடையிலிருந்து அவளை எடுத்தேன். முழுவதும் நனைந்து, முகம் கறுத்து, வாயைத் திறந்து அலறிக்கொண்டிருந்தாள். படிக்கட்டுக்கு வந்தபோது அவர் வால்வுச் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். அது முழுவதும் திறந்து, இனித் திரும்பாமல் இறுகியிருந்தது. அவர் விடவில்லை.

டியூஷன் பிள்ளைகளை ஹாஜியார் கீழே இறக்கிக்கொண்டிருந்தார். தீயணைப்பு வண்டியின் சத்தம் தூரத்தில் ஒரே இடத்தில் நின்று கேட்டது. மூடிய வீதிக்குள் அது வந்துசேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஹாஜியார் மூச்சிரைக்க மேலே வந்தார். என்னைப் பார்த்தார், பிள்ளையைத் தொட்டுப் பார்த்தார், பிறகு குனிந்து படியிலிருந்து எதையோ எடுத்தார்.

"தம்பி, ஒங்கட பைக் சாவி. இது ஏன் இங்க கெடக்கு?"

"வால்வில கொழுவியிருந்தனான் ஹாஜியார். நான்தான் மூடினனான்."

"எப்ப?"

"இண்டைக்கு. பதிவுக்கு."

"புள்ள உள்ள ஈக்கிற நேரமா?"

"ஓம்."

ஹாஜியார் சாவியை அவர் கையில் கொடுக்கவில்லை. படிக் கைப்பிடிமேல் வைத்துவிட்டு என்னைக் கீழே கூட்டிக்கொண்டு போனார்.

பிள்ளை புகையைச் சுவாசித்திருந்ததால் வைத்தியசாலையில் வைத்துக்கொண்டார்கள். மறுநாள் காலையில் கணவர் உடுப்பு எடுக்க வீட்டுக்குப் போயிருந்த நேரம் அவர் வந்தார். அவரை வார்டுக்குள் விடவில்லை. நான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வராந்தாவுக்கு வந்தேன். அவர் முகம் சவரம் செய்யாமல் இருந்தது. என்னைவிட்டு நாலு எட்டுத் தள்ளியே நின்றார். நானும் கிட்டப் போகவில்லை.

"டொக்டர் என்ன சொன்னவர்?"

"பார்க்கணுமாம். இன்னும் சொல்லல."

தலையாட்டினார். பிள்ளையின் மூச்சைக் கிட்ட வந்து கேட்கட்டுமா என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்கவேண்டும் என்றும், கேட்கக் கூடாது என்றும் இருந்தது. அவர் கேட்கவில்லை. அதனால் நான் கேட்டேன்.

"பிள்ளை உங்க காலடியிலதானே அண்ணா இருந்தா? ஏன் தூக்கல?"

அவர் உடனே பதில் சொன்னார். இரவெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருந்திருப்பார் போல. "அவள் அழுதுகொண்டிருந்தவள் தங்கச்சி. அழுதா மூச்சு இருக்கு. உங்கட சத்தம்தான் நிண்டுபோட்டுது. ஒரு கத்தல், அதோட ஒண்டுமில்லை. விழுந்திட்டீங்கள் எண்டு நினைச்சன். அதுதான் முதல்ல தண்ணியைத் திறக்க ஓடினனான்."

"விழலையே. உங்களையே பார்த்துக்கிட்டுத்தானே நின்னேன். நீங்களும் பார்த்தீங்களே."

"பாத்தனான்." கையைக் காதருகே கொண்டுபோனார். "ஆனா கேக்கேல்லை."

ஹெட்போனைக் கழற்றி எறிந்தது அவரேதான். அந்தக் கண்ணாடியையும் அந்தக் கதவுகளையும் கட்டியதும் அவரேதான். கழற்றினால் என் குரல் வராது என்பது அவருக்குத் தெரியாதா? அந்த நேரத்தில் தெரியவில்லை. கண்ணெதிரே வாய் திறந்து நின்ற என்னைவிட, கேட்காத என்னைத்தான் அவர் நம்பினார். அல்லது இது பிறகு யோசித்துக் கண்டுபிடித்த சமாதானமா? தான் மூடியதைத் திறக்கவேண்டும் என்ற வழக்கம் மட்டுமே அவரை ஓடவைத்ததா? அவர் முகத்தைப் பார்த்து எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இன்றும் தெரியாது.

"என்ன சொல்லிக் கத்தினனீங்கள்?" என்று கேட்டார்.

சொல்லாமல் விட்டிருக்கலாம்.

"பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஓடுங்கண்ணா, ஓடுங்கன்னு."

அவர் நிமிர்ந்தார். "கேட்டிருந்தா ஓடியிருப்பன்," என்றார் மெதுவாக. "அவளைத் தூக்கிக்கொண்டு, நிக்காமல் கீழ ஓடியிருப்பன் தங்கச்சி."

நான் ஆம் என்றேன். அவர் அப்படித்தான் செய்திருப்பார். நான் கேட்டதும் அதைத்தான். அப்படிச் செய்திருந்தால் வால்வு மூடியபடியே இருந்திருக்கும், என் கதவுக்கு முன்னால் சுவர் எரிந்துகொண்டே இருந்திருக்கும். வராந்தாவில் ஒரு தள்ளுவண்டி போனது. யாரோ சிங்களத்தில் வழிவிடச் சொன்னார்கள். நாங்கள் சுவரோடு ஒதுங்கினோம்.

என் தோளில் பிள்ளை இருமினாள். சிறிய, வறண்ட இருமல். இருவரும் ஒரே நேரத்தில் அவள் பக்கம் திரும்பினோம். இன்னொன்று வருமா என்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், காத்து நின்றோம்.